வங்கத்துச் சேலையின் கரை

வங்கமொழியில் 'பார்' என்றொரு சொல் உண்டு. ஆற்றங்கரைக்கும் அதுதான் பெயர், சேலைக் கரைக்கும் அதுதான் பெயர். தமிழில் 'கரை' இரண்டுக்கும் நிற்பது போலவே. வங்காளிகளின் உடையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் இந்தச் சொல்தான் முன்னால் வந்து நிற்கிறது. அவர்களுடைய பழைய சேலையிலும் வேட்டியிலும் உடல் பெரும்பாலும் வெறும் வெள்ளையாக இருக்கும். பேசுவதெல்லாம் கரை.

துர்கா பூஜையின் தசமி நாளில், அம்மனை ஆற்றுக்கு வழியனுப்பும் முன் சுமங்கலிகள் வரிசையாக வருவார்கள். வெற்றிலையால் அவள் முகத்தைத் துடைத்து, வாயில் இனிப்பு ஊட்டி, நெற்றியில் சிந்தூரம் இட்டு, பிறகு ஒருவர் கன்னத்தில் ஒருவர் பூசிக்கொள்வார்கள். பந்தலெங்கும் வெள்ளைச் சேலையும் அகலமான சிவப்புக் கரையுமாகத்தான் இருக்கும். வசதியுள்ளவர்கள் உடுத்துவது முர்ஷிதாபாத் 'கொரோத்' பட்டு. அதற்குச் சாயம் ஏற்றுவதில்லை. பட்டின் சொந்த வெளுப்போடு கரை மட்டும் சிவந்திருக்கும்.

அதே வீட்டின் உள்ளறையில் முன்பெல்லாம் இன்னொரு வெள்ளைத் துணியும் இருந்தது. 'தான்' என்பார்கள். கைம்பெண் உடுத்த வேண்டிய, கரையே இல்லாத துணி. கணவன் இறந்ததும் கரை போகும், கையிலிருந்த சங்கு வளையும் உடைபடும். எட்டு வயதில் மணமுடித்துப் பத்து வயதில் கைம்பெண்ணான சிறுமிக்கும் அதே துணிதான். சிவப்புக் கரையின் மங்கலத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தக் கரையற்ற துணியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒன்றின் பொருளே மற்றொன்றால் வந்தது.

இதை அன்றைய நெசவாளர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். ஈசுவர சந்திர வித்யாசாகரின் அயராத முயற்சியால் 1856இல் கைம்பெண் மறுமணச் சட்டம் வந்தது. பண்டிதர்கள் அவரைத் தூற்றிக்கொண்டிருந்த நேரத்தில், சாந்திபூர்த் தறிகளில் ஒரு புதுச் சேலை இறங்கியது. வித்யாசாகர் நீடூழி வாழ வேண்டும் என்ற பாட்டைக் கரையிலேயே எழுத்தாக நெய்திருந்தார்கள். எந்தக் கரையை அந்தப் பெண்களிடமிருந்து பறித்தார்களோ, அந்தக் கரையிலேயே வாழ்த்து. அதற்கு 'வித்யாசாகர் கரைச் சேலை' என்றே பெயர் நிலைத்தது.

உடைக்கப்பட்ட அந்தச் சங்கு வளைக்கு நம் கடலோடு உறவு உண்டு. மணமான வங்காளி இந்துப் பெண் கையில் அணியும் வெள்ளை வளை 'சாங்கா', சிவப்பு வளை 'போலா'. சேலையின் வெள்ளையும் சிவப்பும் கைக்கும் ஏறிவிடுகின்றன. அந்தச் சாங்காவுக்கான சங்கு நெடுங்காலமாக மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிப் பக்கத்துக் குளியாளிகள் மூச்சடக்கி மூழ்கி எடுத்தது. அது டாக்காவின் சாங்காரி பஜாருக்குப் போய், பிறை வடிவ வாளால் கையாலேயே அறுபட்டு வளையானது. மதராஸ் மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1914இல் சங்கைப் பற்றி எழுதிய நூலில் இந்த வணிகத்தை விரிவாகப் பதிந்திருக்கிறார்.

வங்கத்தில் பழைய சேலை கட்டும் முறைக்கு 'ஆட்பௌரே' என்று பெயர். எட்டுச் சாமம் என்பதிலிருந்து வந்த சொல். நாள் முழுதும் உடுத்தியிருப்பது என்று பொருள். நாம் வைப்பது போன்ற நெருக்கமான கொசுவம் கிடையாது. அகல அகலமாக மடிப்பு வைத்து, முந்தியை இடத்தோளில் போட்டு முதுகுப்புறம் விட்டு, வலக்கைக்கு அடியில் சுற்றி முன்னால் கொண்டுவந்து மறுபடி தோளில் போட வேண்டும். முந்தி நழுவாமல் இருக்க அதன் நுனியில் சாவிக்கொத்து முடிந்திருக்கும். அந்தச் சாவிக்கொத்து யார் தோளில் தொங்குகிறதோ அவர்தான் வீட்டின் தலைவி.

அந்தக் காலத்தில் உள்ளே ரவிக்கையும் இல்லை, பாவாடையும் இல்லை. வீட்டுக்குள் அது போதும். வெளியே போக முடியாது. இரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் சத்யேந்திரநாத், ஐ.சி.எஸ். அதிகாரியாகப் பம்பாய் மாகாணத்துக்குப் போனபோது, மனைவி ஞானதானந்தினி தேவியை உடன் அழைத்துச் சென்றார். அங்கே பார்சிப் பெண்கள் கட்டுவதைப் பார்த்து, ரவிக்கையும் பாவாடையும் சேர்த்து, முந்தியை இடத்தோளில் ஊசி குத்தி நிறுத்தும் முறையை அவர் வங்கத்துக்குக் கொண்டுவந்தார். பிரம்ம சமாஜப் பெண்கள் வழியே அது பரவியது. வலக்கை விடுபட்டது என்பதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

ஆண்களுக்கு வேட்டியும் 'பஞ்சாபி'யும். நாம் ஜிப்பா என்பதைத்தான் அவர்கள் பஞ்சாபி என்பார்கள். கல்கத்தா பாபுக்களின் வேட்டியில் முன்கொசுவம் விசிறி போல நுணுக்கமாக மடிக்கப்பட்டிருக்கும். அதன் நுனியைக் கையில் பிடித்தபடியோ பையில் செருகியோ நடப்பார்கள். மெல்லிய பஞ்சாபியின் கைகளை 'கிலா' என்ற காட்டுக்கொடியின் தட்டையான பெரிய விதையால் அழுத்தி அழுத்தி நெருக்கினால், துணியில் சிற்றலை போல் மடிப்பு விழும். ஒரு கைக்கே நெடுநேரம் பிடிக்கும் வேலை அது. வித்யாசாகரோ தடித்த வேட்டி, மேல்துண்டு, சாதாரணச் செருப்பு என்று கடைசிவரை இருந்தார். 1874இல் கல்கத்தா அருங்காட்சியகக் கட்டடத்துக்குப் போனவரை, நாட்டுச் செருப்போடு உள்ளே வரக்கூடாது என்று தடுத்தார்கள். அவர் கழற்றவில்லை, திரும்பிவிட்டார்.

ஆற்றின் கரைக்கு வருவோம். டாக்கா அருகே சீதலக்யா ஆற்றங்கரையில் ஜம்தானி நெய்கிறார்கள். குழித்தறியில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்வார்கள்: உஸ்தாத் ஒருவர், சீடர் ஒருவர். துணியில் படம் வரைவதில்லை. எத்தனை இழை தள்ளிப் பூ வர வேண்டும் என்பது உஸ்தாதின் மனப்பாடம். அவர் சொல்லச் சொல்லச் சீடர் இழையை நுழைப்பார். 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் இந்தக் கலை சேர்ந்தது. 1947 பிரிவினைக்குப் பின் இன்றைய வங்கதேசத்தின் டாங்காயில் பகுதியைச் சேர்ந்த பசாக் நெசவாளர்களில் பலர் மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்துப் புலியாவில் வந்து குடியேறித் தறி போட்டார்கள். 2024 ஜனவரியில் டாங்காயில் சேலைக்கு மேற்கு வங்கத்தின் பெயரில் புவிசார் குறியீடு கிடைத்ததும் வங்கதேசத்தில் எதிர்ப்பு எழுந்தது. அடுத்த மாதமே அவர்களும் தங்கள் குறியீட்டை அறிவித்தார்கள். இரண்டு கரையிலும் கை ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. சித்திரையில் வரும் புத்தாண்டில் டாக்காவிலும் சிவப்புக் கரைதான். 1952இல் தாய்மொழிக்காக உயிர்விட்டவர்களை நினைக்கும் பிப்ரவரி 21 அன்று அங்கே பெண்கள் கறுப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலை உடுத்தி, வெறுங்காலோடு விடியலில் நடக்கிறார்கள்.

சேலை நைந்துபோனாலும் கரை வீணாகாது. பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, கரையிலிருந்து நிற நூலை இழை இழையாக உருவி, அந்த நூலாலேயே ஓட்டுத் தையல் போட்டுக் 'காந்தா' தைப்பார்கள். தாமரை, மீன், படகு, பல்லக்கு எல்லாம் அதில் வரும். பிறந்த குழந்தையை அதில்தான் சுற்றுவார்கள். ஜசீமுத்தீன் 1929இல் எழுதிய 'நக்‌ஷி காந்தார் மாட்' என்னும் கதைக் கவிதையில், சாஜு என்ற பெண் பிரிந்துபோன கணவனோடு வாழ்ந்த வாழ்க்கையை ஒரு காந்தாவில் தைத்து முடித்து, தன் கபர் மீது அதை விரிக்கும்படி தாயிடம் சொல்லிவிட்டுக் கண்மூடுகிறாள்.