கருப்பட்டியும் காண்டாமிருகமும்: இரண்டு மொழிகள் பேசிய கதை

ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் ஒன்றா என்று கேட்டா கணினி படிக்கிறவங்க சிரிப்பாங்க. 1995 டிசம்பரில் நெட்ஸ்கேப்பும் சன் நிறுவனமும் சேர்ந்து செய்த சந்தைப்படுத்தலில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. மொழிகள் வேறு வேறு. ஆனா இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைக்க நடந்த முயற்சிக்கு ஒரு வரலாறு இருக்கு. அதில இலங்கைக்கும் பங்கு உண்டு.

1997இல் நெட்ஸ்கேப் தன் உலாவியை முழுக்க ஜாவாவில் எழுத நினைத்தது. அதற்காக ஜாவாவிலேயே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரம் தேவைப்பட்டது. அதுதான் ரைனோ. ஒரு ஜாவாஸ்கிரிப்ட் புத்தகத்தின் அட்டையில் இருந்த காண்டாமிருகத்தால் வந்த பெயர். உலாவித் திட்டம் கைவிடப்பட்டது, ரைனோ மட்டும் பிழைத்தது.

உள்ளே நடப்பது இதுதான்: ஜாவாப் பொருளை நகலெடுத்துக் கொடுப்பதில்லை. அதைச் சுற்றி ஒரு உறை போட்டு, ஒரு பெயர் வைத்து நிரலுக்குள் விடுறாங்க. நிரல் அந்த உறையைத் தொட்டா, உள்ளே இருக்கிற அசல் பொருள்தான் பதில் சொல்லும். 2006இல் வந்த ஜாவா 6 இதற்கு ஒரு பொது முறையை வகுத்தது. 2014இல் ஜாவா 8 ரைனோவை மாற்றி நாஸ்ஹோர்னைக் கொண்டுவந்தது. ஜெர்மன் மொழியில அதுவும் காண்டாமிருகம்தான்!

2005இல் சஞ்ஜீவ வீரவர்ண உள்ளிட்டோர் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2, ரைனோவின் மேல் ஒரு கட்டமைப்பை உருவாக்கி 'ஜாகரி' என்று பெயர் வைத்தது. அம்பிட்டிய, கண்டிப் பக்கம் பிளேன்டீயோட கடிச்சுக்கிற கருப்பட்டியேதான். அதே நிறுவனத்தின் அடையாளச் சரிபார்ப்பு மென்பொருளில், உள்நுழையும் ஒருவரிடம் இன்னொரு சோதனை கேட்கணுமா என்று தீர்மானிப்பது ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் துண்டு. பயனரின் தகவல் ஜாவாவிலிருந்து அதற்குப் போகும். ஆனா முழுதாக இல்லை. தேவையானதை மட்டும் காட்டும் தனி உறைகளை எழுதியிருக்காங்க.

ஏன் அவ்வளவு கவனம்? கட்டுப்பாடில்லாத உறை வழியா, நிரல் ஒரு பொருளைப் பிடித்து அதன் வகுப்பு, அங்கிருந்து கோப்புகள் என்று சேவையகம் முழுக்க நடந்துபோகலாம். பின்னால் வந்த கிரால் இயந்திரம் இதைத் தலைகீழாக்கியது: வெளிப்படையா அனுமதி கொடுக்காத எதையும் நிரல் தொட முடியாது.

2020இல் ஜாவா 15 நாஸ்ஹோர்னை நீக்கியது. ஜாவாஸ்கிரிப்ட் மாறும் வேகத்துக்கு ஈடுகொடுத்துப் பராமரிப்பது கடினம் என்பது சொல்லப்பட்ட காரணம். அதை நம்பியிருந்தவங்க தனி நூலகமாகச் சேர்க்கணும், இல்லாட்டி கிராலுக்கு மாறணும். எங்கேயோ எடுத்த முடிவு, இங்கே எழுதின நிரலையும் தொட்டது.

1956இன் மொழிச் சட்டத்தைப் பாடமாகப் படிக்கிற நமக்கு இது புதுசில்லை. இரண்டு மொழிகளுக்கு நடுவில் எது கடக்கலாம் என்று தீர்மானிக்கிறவர் கையில்தான் அதிகாரம். நாஸ்ஹோர்னை நீக்கிய முன்மொழிவு, காரணங்களோட, பொதுவெளியில் கிடக்கு. சட்டத்தை வாசிக்கிற மாதிரி கலைப்பீடத்துக்காரங்களும் அதை வாசிக்கலாம்.