எங்கே நிறுத்துவது: யூஜீன் மையர்ஸும் மரபணுத்தொகைக் கோவையும்

மனித மரபணுத்தொகை படிக்கப்பட்ட கதையைப் பெரும்பாலும் குதிரைப் பந்தயமாகவே சொல்கிறார்கள். ஒரு பக்கம் அரசுப் பணத்தில் இயங்கிய பன்னாட்டுத் திட்டம், மறுபக்கம் கிரெய்க் வென்டரின் செலரா நிறுவனம். 2001 பிப்ரவரியில் இரு தரப்பும் ஒரே வாரத்தில் முடிவுகளை வெளியிட்டன. யார் முந்தினார் என்பது பத்திரிகைக்குச் சுவையான கேள்வி. ஆனால், அந்தப் பந்தயத்துக்கு முன்பே தொடங்கி, அது முடிந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் தீராமல் இருந்த கணக்கு ஒன்று உண்டு. அதைத் திருத்தி எழுதியவர்களில் முதன்மையானவர் யூஜீன் மையர்ஸ். துணுக்குகளை வேகமாகக் கோத்துக் கொடுத்தவர் என்றே அவரைப் பாராட்டுகிறார்கள். கோக்காமல் எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் தந்ததுதான் அவருடைய பெரிய பங்களிப்பு என்பது இக்கட்டுரையின் வாதம்.

டிஎன்ஏவைப் படிக்க அன்றிருந்த சாங்கர் முறையில் ஒரு தடவைக்குப் படிக்க முடிந்தது ஐந்நூறு, அறுநூறு எழுத்து. மனித மரபணுத்தொகையோ ஏறத்தாழ 300 கோடி எழுத்து. ஆகவே பல பிரதிகளைக் கண்டபடி நொறுக்கி, துணுக்குகளைப் படித்து, ஒன்றின் வாலும் இன்னொன்றின் தலையும் ஒத்துப்போகும் இடம் பார்த்துச் சேர்க்க வேண்டும். ஷாட்கன் முறை என்பது இதுதான். ஒவ்வோர் எழுத்தும் சராசரியாக 5 தடவை படிக்கப்பட்டால் விடுபடுவது 0.7 சதவீதத்துக்கும் குறைவு என்று லேண்டர், வாட்டர்மன் இருவரும் 1988-இல் வகுத்த கணக்கு சொல்கிறது. விடுபடுவதைவிடத் திரும்ப வருவதுதான் தொல்லை. ஆலு என்ற 300 எழுத்து வரிசை மட்டும் மனித மரபணுத்தொகையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் சிறுசிறு மாறுதல்களோடு கிடக்கிறது.

ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொள்வோம். மூன்று சரணம், ஒவ்வொன்றுக்கும் பிறகு பல்லவி திரும்ப வரும். பல்லவியை ஒவ்வொரு முறையும் முழுதாக எழுதிய பத்துப் பிரதிகளைக் கத்தரித்துக் கலந்துவிட்டோம். ஒவ்வொரு துணுக்கும் பல்லவியைவிடச் சிறியது. இப்போது நான்கு இடத்துப் பல்லவித் துணுக்குகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுவிடும். எந்தச் சரணம் எதற்குப் பின்னால் என்பது துணுக்குகளிலிருந்து தெரியாது. 1990-கள் வரை கணினியியலார் இச்சிக்கலுக்குத் தந்த வரையறை, எல்லாத் துணுக்குகளையும் அடக்கும் மிகக் குறுகிய தொடரைக் கண்டுபிடி என்பது. அப்படித் தேடினால் பல்லவி ஒரே ஒரு தடவை வரும். நம் பாட்டுப் புத்தகங்களும் பல்லவியை ஒரு முறை அச்சிட்டுவிட்டு, பிறகு அடைப்புக்குறிக்குள் நினைவூட்டுவதோடு விட்டுவிடும். பாடுகிறவருக்கு எங்கே திரும்புவது என்று தெரியும். டிஎன்ஏ அப்படிச் சுருக்கி எழுதப்பட்டதல்ல.

அரிசோனா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது மையர்ஸ் 1995-இல் எழுதிய கட்டுரை இந்த வரையறையையே மாற்றியது. துணுக்குகள் தற்செயலாகச் சிதறியவை. எனவே அவற்றின் தொடக்க இடங்கள் தற்செயல் சிதறலுக்கு எந்த அடுக்கில் மிக நன்றாகப் பொருந்துகின்றனவோ அதுவே நல்ல கோவை; குறுகியதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதற்கு முன்பே பிளாஸ்ட் தேடல் நிரலிலும், உடி மேன்பருடன் உருவாக்கிய சஃபிக்ஸ் அரேயிலும் அவர் பெயர் நிலைத்திருந்தது. இந்த 1995 கட்டுரை அவற்றைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. என் கணிப்பில் அவற்றுக்கு எந்த வகையிலும் இளைத்ததல்ல.

இதன் நடைமுறை வடிவம்தான், மையர்ஸ் பின்னர் சேர்ந்த செலராவின் யூனிடிக். மறுப்புக்கு இடமில்லாமல் ஒட்டும் துணுக்குகளை மட்டும் சேர். இரண்டு வழி பிரிந்தால் நின்றுவிடு. பிறகு அடர்த்தியைப் பார். 500 எழுத்துத் துணுக்குகளால் 10 மடங்கு படித்திருந்தால், 2,000 எழுத்து நீளத்தில் சுமார் 40 துணுக்கு தொடங்க வேண்டும். எண்பது தொடங்கினால், இரண்டு இடங்கள் ஒன்றாக அமுங்கியிருக்கின்றன என்று ஐயப்பட வேண்டும். ஐயத்துக்கு இடமில்லாத யூனிடிக்குகளை இணைக்க இணைத் துணுக்குகள் வந்தன. 2,000, 10,000, 50,000 எழுத்து நீளமுள்ள துண்டுகளின் இரு முனைகளை மட்டும் படித்தால், நடுவில் என்ன இருந்தாலும் முனைகளுக்கு இடையே உள்ள தூரம் தெரியும். பல்லவியைப் படிக்காமலேயே அதைத் தாண்டிவிடலாம்.

ஜேம்ஸ் வெபருடன் சேர்ந்து 1997-இல் மனித மரபணுத்தொகைக்கே இம்முறையை மையர்ஸ் முன்மொழிந்தபோது, அந்த முன்மொழிவு வெளியான இதழிலேயே மரபணுத்தொகை ஆய்வாளர் ஃபில் கிரீன் மறுப்பு எழுதினார். மீள்வரிசைகளில் கோவை தவறும். தவறினால் கண்டுபிடிப்பதும் கடினம். பெருந்துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாகப் படிப்பதே பாதுகாப்பு என்றார். 2000-இல் பழ ஈயின் மரபணுத்தொகை, அதில் படிக்கக்கூடிய சுமார் 12 கோடி எழுத்து, ஷாட்கன் முறையில் வெற்றிகரமாகக் கோக்கப்பட்டது. ஈக்கு இது போதுமான பதில். மனிதனுக்கு அல்ல. 2001-இல் செலரா தன் 2.7 கோடித் துணுக்குகளோடு பொதுத் திட்டத்தின் தரவையும் நறுக்கிச் சேர்த்துக்கொண்டது. அதனால் அந்தக் கோவை தூய சோதனையாக அமையவில்லை என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. 2004-இல் சொந்தத் தரவை மட்டும் வைத்துச் செய்த மறுகோவை இக்குறையைப் பெருமளவு தீர்த்தது. ஆனால் அதே ஆண்டில் ஈவன் ஐக்லர் குழு இன்னொன்றைக் காட்டியது: 15,000 எழுத்துக்கு மேல் நீண்டு, 97 சதவீதத்துக்கு மேல் ஒத்திருக்கும் இரட்டிப்புகளை ஷாட்கன் கோவை சரியாகப் பிரிப்பதில்லை. கிரீன் அஞ்சியது வீண் அல்ல.

மையர்ஸ் 2005-இல் ஜனீலியா பண்ணை ஆய்வகத்துக்குப் போய், நுண்ணோக்கிப் படிமங்களில் மூழ்கினார். கோவைத் துறைக்கு அவரைத் திரும்ப இழுத்தது நீளம். பாக்பயோ நிறுவனத்தின் கருவிகள் பல்லாயிரம் எழுத்தைத் தொடர்ந்து படித்தன. நூற்றுக்குப் பத்துப் பதினைந்து எழுத்து தப்பாகவே வந்தது. பலர் முகம் சுளித்தார்கள். பிழை தற்செயலானது என்றால் அடுக்க அடுக்க மறையும், மீள்வரிசை அப்படி மறையாது என்பதை மையர்ஸ் பிடித்துக்கொண்டார். பிறகு ஜெர்மனியின் டிரெஸ்டனுக்குச் சென்று 2014-இல் வெளியிட்ட டாலைனர் இந்த நம்பிக்கையின் நிரல். மனிதனுடையதைப் போல் பத்து மடங்கு, 3,200 கோடி எழுத்து கொண்ட ஆக்ஸலாட்டல் என்ற நீர்ப்பல்லியின் மரபணுத்தொகை 2018-இல் நீளத் துணுக்குகளைக் கொண்டே கோக்கப்பட்டது. அந்தப் பணியில் அவரும் பங்கேற்றார்.

2022-இல் மனித மரபணுத்தொகை முனையிலிருந்து முனைவரை நிறைவடைந்தபோது, அந்தக் கோவைக்கு அடித்தளமாக இருந்தது ஸ்ட்ரிங் கிராஃப் வரைவு. 2005-இல் மையர்ஸ் வகுத்தது அது: உறுதியான வழி ஒன்றே இருக்கும் இடத்தில் ஒரு கோடு, வழி பிரியும் இடத்தில் முடிச்சு. தரவு மாறியது, துணுக்கின் நீளம் மாறியது, நிறுத்துவதற்கான விதி மாறவில்லை. அடுத்த ஆண்டு வந்த ஒய் குரோமோசோமின் முழு வரிசையோ 1997 விவாதத்தில் கிரீனின் தரப்பையும் சங்கடப்படுத்துகிறது. அதுவரை உலகம் பயன்படுத்திய குறிப்புத் தொகையில் ஒய் குரோமோசோமின் பாதிக்கு மேல் வெற்றிடமாகக் கிடந்தது. அந்தக் குறிப்புத் தொகையின் பெரும்பகுதி, பெருந்துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றாகப் படித்து, கிரீன் பாதுகாப்பானது என்ற முறையில் எழுந்தது.