தூங்கி எழுந்த கணினி ஏன் பேசுவதில்லை? ஒரு சிறு வரலாறு

 

கடந்த மாதம் மாணவி ஒருத்தியின் உம்மா, பிள்ளையின் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. கடையில் காட்டினாராம். "சவுண்ட் போர்ட் போய்விட்டது" என்று சொல்லி, அவருடைய பல நாள் கூலியைக் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் செய்தது றீஸ்டார்ட் மட்டும்தான். சத்தம் வந்துவிட்டது.

அவர் நம்பவில்லை. "ஒவ்வொரு நாளும் ஓஃப் பண்ணித்தானே சேர் வைக்கிறம். அப்ப ஏன் வரயில்ல?"

நியாயமான கேள்வி. விடை வரலாற்றில் இருக்கிறது.

யுத்த காலத்தில் மின்சாரம் இல்லாத வன்னியில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மிதித்தால் சத்தம், நிறுத்தினால் மௌனம். காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. கணினியில் அது மறைந்துபோனது.

1981இல் வந்த ஐபிஎம் கணினிக்கு 'பீப்' என்று கத்த மட்டுமே தெரியும். 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையைக் கொண்டுவந்த பிறகுதான் இசையும் பேச்சும் வீட்டுக் கணினிகளில் பரவின. அப்போது கணினி ஒன்றில் ஓடும், இல்லையென்றால் அணைந்திருக்கும்.

பிறகு லப்டொப் பரவியது. பெற்றரியைச் சேமிக்க வேண்டும். 1992இல் இன்டெல்லும் மைக்ரோசொப்டும் ஏபிஎம் என்ற முறையை வெளியிட்டன. தூங்க வைக்கும் வேலையில் பெரும்பங்கு, தாய்ப்பலகையில் இருக்கும் பயோஸிடம் இருந்தது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசொப்ட், தொஷிபா மூன்றும் ஏசிபிஐ முறையைக் கொண்டுவந்து, அந்தப் பொறுப்பை வின்டோஸ் போன்ற இயங்குதளங்களிடம் கொடுத்தன. அன்றிலிருந்து தூங்கி எழும் சுமை ஒவ்வொரு சாதனத்தின் டிரைவர் மென்பொருள் மீதும் விழுந்தது.

தூக்கத்தில் நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும். ஒலிச் சிப்புக்கு நின்றுவிடும். எந்த ஸ்பீக்கர், எவ்வளவு சத்தம் என்று அதில் எழுதியிருந்த கட்டளைகள் அழிந்துவிடும். விடுமுறை முடிந்து வந்தால் கரும்பலகை துடைத்துக் கிடப்பது போல. டிரைவர் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும். ஒரு வரி தவறினாலும் சத்தம் வராமல் போகலாம். பலகை உடையவில்லை, எழுத்துத்தான் இல்லை.

உம்மாவின் கேள்விக்கு வருவோம். 2012இல் வின்டோஸ் 8 உடன் 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' வந்தது. அது இயங்கும் கணினியில் 'ஷட் டவுன்' கொடுத்தாலும் டிரைவர்களின் நிலை டிஸ்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்பி வருகிறது. கோளாறும் கூடவே வரலாம். 'றீஸ்டார்ட்' எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோதுதான் நம்மில் பல வீடுகளில் கணினி பாடசாலையானது. 2022இல் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது, பெற்றரியைக் காக்க மூடி மூடித் தூங்க வைத்தோம். அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆகவே கடைக்குப் போகுமுன் இவற்றைச் செய்து பாருங்கள்:

1. றீஸ்டார்ட் செய்யுங்கள்.
2. ஸ்பீக்கர் அடையாளத்தை அழுத்தி, சத்தம் எந்தச் சாதனத்துக்குப் போகிறது என்று பாருங்கள். டிவி அல்லது புரொஜெக்டர் இணைத்திருந்தால் அங்கே மாறியிருக்கும்.
3. டிவைஸ் மனேஜரில் ஒலிச் சாதனத்தை 'டிஸேபிள்' செய்து, மீண்டும் 'எனேபிள்' செய்யுங்கள்.
4. அடிக்கடி நடந்தால், லப்டொப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய ஒலி டிரைவரைப் போடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஹெட்போனிலும் சத்தம் இல்லையென்றால் கடைக்குப் போங்கள். அங்கேயும் "எதைச் சோதித்துப் பார்த்தீர்கள்?" என்று முதலில் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. அந்தப் பணம் பிள்ளையின் கொப்பிக்கும் புத்தகத்துக்கும் உதவும்.

தெரியாதவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.