அகாடமியிலிருந்து முதல் அணிக்கு: மதுரை சேது எஃப்.சி.யும் தமிழகக் கால்பந்து வீராங்கனைகளும்

சேது எஃப்.சி. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட பெண்கள் கால்பந்துக் கழகம். 2016-இல் தொடங்கப்பட்டது. 2019 மே 22 அன்று லூதியானாவின் குருநானக் விளையாட்டரங்கில் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்ற கோல் கணக்கில் வென்று, 2018–19 பருவத்துக்கான இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. கால்பந்துக்குப் பெரிய பெயர் இல்லாத ஊரிலிருந்து வந்த வெற்றி அது. வைகையின் வடகரையில் உள்ள செல்லூரைக் கேட்டால் கைத்தறியையும் கபடியையும்தான் சொல்வார்கள். மதுரை வட்டாரத்தின் விளையாட்டுப் பெருமை பெரும்பாலும் கபடியையும் சல்லிக்கட்டையும் ஒட்டியே பேசப்பட்டு வந்திருக்கிறது.

இக்கழகத்தின் வரலாற்றைப் பட்டத்தை வைத்து மட்டும் சொன்னால் முக்கியமான ஒன்று விடுபட்டுப்போகும். பத்துப் பன்னிரண்டு வயதில் பந்தைத் தொட்டு, அகாடமியிலோ விளையாட்டு விடுதியிலோ வளர்ந்து, பதினெட்டு வயதை எட்டும் ஒரு பெண் அதற்கு மேல் எந்த அணியில் ஆடுவாள் என்பதே அது.

முதல் அணி இல்லாத காலம்

ஐரோப்பியக் கழகங்களில் அகாடமி என்பது முதல் அணியின் கீழ்ப்படி. ஒன்பது வயதில் சேரும் சிறுவன் வயதுப்பிரிவு அணிகளில் ஏறி, பிறகு இரண்டாம் அணிக்கோ, இரவல் முறையில் வேறொரு சிறிய கழகத்துக்கோ போய்ப் பழகி, முதல் அணியின் வாசலில் நிற்கிறான். பெரும்பாலோர் அந்த வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். அங்கே வாசல் குறுகலானது என்பதுதான் குறை.

இந்தியாவில் நெடுங்காலம் வாசலே இல்லை. டாடா ஸ்டீல் நிறுவனம் 1987-இல் ஜம்ஷெட்பூரில் தொடங்கிய டாடா கால்பந்து அகாடமியிலிருந்து கார்ல்டன் சாப்மன், ரெனடி சிங், மகேஷ் கவ்லி, சுப்ரதா பால் முதலிய தேசிய வீரர்கள் வந்தார்கள். ஆனால் ஜம்ஷெட்பூர் எஃப்.சி. 2017-இல் இந்தியன் சூப்பர் லீக்கில் சேரும்வரை, அந்த அகாடமிக்கு மேலே சொந்தமாக ஒரு மூத்தோர் அணி கிடையாது. பயிற்சி முடித்தவர்கள் கொல்கத்தாவுக்கோ கோவாவுக்கோ போய்த்தான் இடம் தேட வேண்டும். தமிழ்நாட்டு இளைஞருக்கு வேறொரு வழி இருந்தது. சென்னை லீக்கில் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, சுங்கத்துறை போன்ற அலுவலக அணிகள் ஆடின. அவற்றில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் கிடைக்கும். ஆக, பலருக்கு அந்த அலுவலக அணியே முதல் அணி. அங்கே ஓய்வூதியமும் சேர்ந்து வந்தது.

பெண்களுக்கு இந்த வழியும் ஒற்றையடிப் பாதைதான். தேசிய அளவில் 1991–92 முதல் மாநிலங்களுக்கிடையிலான மூத்தோர் சாம்பியன்ஷிப் நடந்துவந்தது. கழகங்களுக்கான தேசிய லீக் 2016–17 வரை தொடங்கப்படவில்லை. அதாவது 2010-இல் பதினெட்டு வயதான ஒரு தமிழகப் பெண், மாநில அணியில் தேர்வானால் ஆண்டுக்கு ஒரு தொடரில் ஆடலாம். தேர்வாகவில்லையென்றால் கல்லூரி அணி, அதன்பின் திருமணம் அல்லது வேலை. திறமை இருந்தும் விட்டுப்போனவர்களின் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

கடலூரின் பங்கு

சேதுவின் கதையைச் சொல்ல மதுரையிலிருந்து கடலூருக்குப் போக வேண்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, பெற்றோரையும் வீட்டையும் இழந்த சிறுமிகள் பலர் கடலூரில் அரசுக் காப்பகங்களில் இருந்தனர். பயிற்சியாளர் மாரியப்பன் அங்கே நடத்திவந்த இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமியில் இவர்களும் சுற்று வட்டாரக் கிராமத்துப் பெண்களும் கால்பந்து கற்றார்கள். இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன், சுமித்ரா காமராஜ் ஆகியோர் கடலூர் மாவட்டத்திலிருந்து இந்திய அணிவரை சென்றவர்கள்.

இந்த அகாடமி செய்த ஒரு காரியம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. தன் மாணவிகள் ஏறிச்செல்ல மேலே அணி இல்லாதபோது, அது தானே ஓர் அணியாகி 2017–18 இந்தியப் பெண்கள் லீக்கில் இறங்கியது. ஷில்லாங்கில் நடந்த அந்த இறுதிச்சுற்றில் ஆடிய ஏழு அணிகளில் இரண்டு தமிழ்நாட்டைச் சேர்ந்தவை: ஒன்று கடலூர் அகாடமி, மற்றது மதுரையின் சேது. ஓர் அகாடமி தன் பெயரிலேயே மூத்தோர் லீக்கில் ஆடுவதைப் பெருமையாகச் சொல்வதுண்டு. உண்மையில் அது வேறு வழியில்லாமல் எடுத்த முடிவாகவே தெரிகிறது. பள்ளியே மாணவர்களுக்கு வேலையும் தர வேண்டிய நிலை அது.

அதே ஆண்டு பிப்ரவரியில் கட்டாக்கில் தமிழ்நாடு மூத்தோர் பெண்கள் அணி மணிப்பூரை 2–1 என வென்று முதன்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. அதுவரை பெரும்பாலான பட்டங்களை மணிப்பூரே வென்றிருந்தது. நந்தினி முனுசாமி தலைமை தாங்கிய அந்த அணியில் இந்துமதியும் ஆடினார். விடுதிகளிலும் சிறு அகாடமிகளிலும் பத்தாண்டுகளாக நடந்த வேலை அப்போதுதான் வெளியே தெரிந்தது.

பதினெட்டு நாள் பருவம்

முதல் இந்தியப் பெண்கள் லீக்கின் இறுதிச்சுற்று 2017 ஜனவரி, பிப்ரவரியில் டெல்லியில் ஆறு அணிகளுடன் நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஜேப்பியார் தொழில்நுட்பக் கல்லூரி அணி பங்கேற்றது. அடுத்த பருவத்தில் சேது வந்தது. அதற்கடுத்த பருவத்தில் பட்டம் வென்றது. வேகமான வளர்ச்சிதான். ஆனால் அந்த லீக் எத்தனை நாள் நடந்தது என்று பார்க்க வேண்டும்.

2018–19 லீக் 2019 மே 5 முதல் 22 வரை, ஒரே ஊரில், பதினெட்டு நாட்களில் முடிந்துவிட்டது. பன்னிரண்டு அணிகள் இரண்டு பிரிவுகளாக ஆடின. பட்டம் வென்ற சேதுவுக்கே கிடைத்தவை ஐந்து பிரிவு ஆட்டங்கள், ஓர் அரையிறுதி, ஓர் இறுதி; மொத்தம் ஏழு. நிமிடக் கணக்கில் 630. பஞ்சாபின் மே மாத வெயிலில் இரண்டு மூன்று நாளுக்கு ஓர் ஆட்டம். பிரிவிலேயே வெளியேறிய அணிகளுக்கு ஐந்து ஆட்டங்களோடு அந்த ஆண்டு முடிந்தது.

அகாடமியிலிருந்து வந்த பதினெட்டு வயதுப் பெண் இந்த 630 நிமிடங்களுக்குள்தான் தன்னைக் காட்ட வேண்டும். லீக் முப்பது வாரம் நடந்தால் பயிற்சியாளர் ஒரு சாதாரண ஆட்டத்தில் புதியவருக்கு இருபது நிமிடம் கொடுத்துப் பார்ப்பார். தவறு செய்தால் அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம். ஏழே ஆட்டங்கள் உள்ள தொடரில் சாதாரண ஆட்டம் என்று எதுவும் கிடையாது. ஒரு தோல்வி அரையிறுதியைப் பறித்துவிடும். எனவே பயிற்சியாளர் தெரிந்த பதினொருவரையே திரும்பத் திரும்ப இறக்குவார். அவரைக் குறை சொல்ல இதில் இடமில்லை. போட்டியின் அமைப்பே அவரை அப்படிச் செய்ய வைக்கிறது.

வெளியிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். 2018-இல் வங்கதேசத்தின் சபினா காதுன் சேதுவுக்காக ஆடினார். பட்டம் வென்ற பருவத்தில் நேபாளத்தின் சபித்ரா பண்டாரி கோல்களைக் குவித்தார். குறுகிய தொடருக்கு ஆயத்தமான கோல் வீராங்கனையை அழைத்து வருவதுதான் புத்திசாலித்தனம். அதே நேரத்தில் உள்ளூர் முன்கள வீராங்கனை ஒருத்திக்கு ஓர் இடம் குறைகிறது. இதில் ஒரு மறுபக்கமும் உண்டு. தினமும் பயிற்சியில் சபித்ராவைத் தடுத்துப் பழகிய தற்காப்பு வீராங்கனைக்கு அந்தப் பாடம் வேறெங்கும் கிடைத்திருக்காது. கழகத்தின் கணக்கையும் இளையவர்களின் கணக்கையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்க முடியாது என்பதே என் கருத்து.

ஆண்கள் பக்கம் ஓர் ஒப்பீடு

ஆண்கள் கால்பந்தில் இதே சிக்கலுக்கு இந்தியா ஒரு விடை தேடியது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010-இல் இளையோரை மட்டும் கொண்டு ஓர் அணியை அமைத்து ஐ-லீக்கில் இறக்கியது. இந்தியன் ஆரோஸ் எனப்பட்ட அந்த அணி 2013-இல் கலைக்கப்பட்டு, 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பைக்குப் பின் 2017-இல் மீண்டும் வந்தது. நவம்பர் 29 அன்று தன் முதல் ஆட்டத்தில் சென்னை சிட்டியை 3–0 என வென்றது. 2022-இல் மறுபடி கலைக்கப்பட்டது. பெண்களுக்கும் ஓர் ஆரோஸ் அணி 2021–22 லீக்கில் ஆடியது. தோற்றாலும் பரவாயில்லை என்று இளையவர்களை ஆட விடும் அணி அவர்களுக்கு நிமிடங்களைத் தரும். மூத்தவர்களோடு ஒரே அணியில் நின்று இடத்துக்குப் போட்டியிடும் பாடத்தைத் தராது.

இன்னொரு வழி கழகத்துக்குள்ளேயே இரண்டாம் அணி. மதுரைக்குக் கிழக்கே, காரைக்குடியை ஒட்டிய கண்டனூரைச் சேர்ந்த சிவசக்தி நாராயணன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முன்னாள் இந்திய வீரர் ராமன் விஜயனின் கால்பந்துப் பள்ளியில் பயின்று, 2020-இல் பெங்களூரு எஃப்.சி.யில் சேர்ந்தார். முதலில் அதன் இரண்டாம் அணியில் ஆடினார். 2022 டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் மும்பை சிட்டிக்கு எதிராக முதல் கோலை அடித்தார். அடுத்து வந்த இந்தியன் சூப்பர் லீக் பருவத்தில் வளரும் வீரர் விருது பெற்றார். அந்தப் பருவத்தில் சுனில் சேத்ரி பல ஆட்டங்களை மாற்று வீரராகத் தொடங்க, சிவசக்தி முதல் பதினொருவரில் இருந்தார். பள்ளி, இரண்டாம் அணி, முதல் அணி என்று மூன்று படிகளும் வரிசையாக இருந்ததால் இது நடந்தது. படி இருந்தும் தவறி விழுந்தவர்கள் அதே அணியில் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

2022-க்குப் பின்

கொரோனாவால் 2020–21 லீக் நடக்கவில்லை. பதினேழில் இருந்தவளுக்குப் பத்தொன்பது ஆகிவிட்டது. இடையில் லீக் ஆட்டம் ஒன்றும் இல்லை. 2022-இல் பன்னிரண்டு அணிகள் ஒன்றோடொன்று மோதும் முறையில் லீக் புவனேசுவரத்தில் நடந்தது. ஆட்டங்கள் பதினொன்றாகக் கூடின. சேதுவும் கோகுலம் கேரளாவும் தோல்வியே காணாமல் மே 26 அன்று கடைசி ஆட்டத்தில் சந்தித்தன. சேது முதலில் கோல் அடித்தும் கோகுலம் 3–1 என வென்று பட்டத்தைத் தக்கவைத்தது.

பிறகு நடந்தது சிறிய கழகங்களுக்குப் பழக்கமான ஒன்று. இந்துமதியும் சந்தியாவும் 2022–23 பருவத்தில் கோகுலத்துக்காக ஆடினர். அப்பருவத்திலும் கோகுலமே சாம்பியன். சேதுவுக்கு அது இழப்பு. ஆனால் நடுக்களத்தில் ஓர் இடமும் முன்களத்தில் ஓர் இடமும் காலியானால், வரிசையில் அடுத்து நிற்பவளுக்கு அதுதான் திறப்பு. இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். கழக ஒப்பந்தம் சில மாதங்களுக்கானது. மாதச் சம்பளம் காக்கிச் சட்டையிலிருந்துதான் வருகிறது. இந்திய அணியில் ஆடியவருக்கே இதுதான் நிலை என்றால், பெஞ்சில் அமர்ந்திருப்பவளின் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

2023 ஜூனில் அமிர்தசரசில் ஹரியானாவை 2–1 என வென்று தமிழ்நாடு இரண்டாவது முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. அந்த ஆண்டு டிசம்பரில் இந்தியப் பெண்கள் லீக் முதன்முறையாகச் சொந்த ஊர், எதிரணி ஊர் என இரு சுற்று முறைக்கு மாறியது. ஏழு அணிகள், ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு ஆட்டங்கள், டிசம்பர் முதல் மார்ச் வரை. அடுத்த பருவத்தில் எட்டு அணிகள், பதினான்கு ஆட்டங்கள். லூதியானாவின் ஏழோடு ஒப்பிட்டால் இரு மடங்கு.

2024-இல் இரண்டாம் நிலை லீக்கும் தொடங்கியது. அகாடமிகளிலிருந்து வருபவர்களுக்கு ஆட இன்னும் சில அணிகள் கிடைத்தன. அதனோடு மேல்நிலை லீக்கில் கீழிறக்கமும் வந்தது. 2024–25 பருவத்தின் முடிவில் கீழிறங்கிய இரண்டு அணிகளில் ஒன்று, முந்தைய பருவத்தின் சாம்பியனான ஒடிசா எஃப்.சி. பட்டியலின் அடியில் நிற்கும் ஓர் அணி, ஆட்டம் முடியப் பதினைந்து நிமிடம் இருக்க, ஒரு கோல் முன்னிலையைக் காத்துக்கொண்டிருக்கும்போது, பயிற்சியாளர் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கிறார். அங்கே அனுபவமுள்ள ஒருவரும் அகாடமியிலிருந்து வந்த பதினெட்டு வயதுக்காரி ஒருத்தியும் உடல் தளர்த்தும் பயிற்சியில் இருக்கிறார்கள். ஆட்டங்கள் எத்தனை கூடினாலும், அந்த நேரத்தில் எந்தச் சட்டை எண் பலகையில் காட்டப்படுகிறது என்பதை வைத்தே அவள் அடுத்த ஆண்டு திரும்பி வருவதா, காவல்துறைத் தேர்வுக்குப் படிப்பதா என்று முடிவாகிறது.