மலையின் கிரீடம்

ரோஸ்மேரி எண்ணெய்ப் புட்டிகள் சில இப்போது ‘நபிவழி மருத்துவம்’ என்னும் பெயரோடு விற்பனைக்கு வருகின்றன. முடி உள்ளவர் அதைக் கண்ணியப்படுத்தட்டும் என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது அபூதாவூதில் உள்ளது. பூசிக்கொள்ளச் சொன்னதோ ஒலிவ எண்ணெயை.

ரோஸ்மேரியின் வரலாறு வேறு. மத்தியதரைக் கடலோரச் சரிவுகளே அதன் தாயகம். அரபியில் அதற்கு ‘இக்லீலுல் ஜபல்’, அதாவது மலையின் கிரீடம் என்று பெயர். அந்தலூசியாவின் மாலகாவில் பிறந்த இப்னுல் பைத்தார் (ரஹ்) மூலிகைகளைத் தேடி வட ஆப்பிரிக்கா வழியே எகிப்துவரை சென்றார், சுல்தான் அல்காமிலிடம் மூலிகையாளர்களின் தலைவராக இருந்தார், ஹிஜ்ரி 646இல் (கி.பி. 1248) திமிஷ்கில் மறைந்தார். ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருள்களைத் தொகுத்த அவரது நூலில் இச்செடியும் இடம்பெறுகிறது. முன்னோர் கூற்றுகளை அவரவர் பெயரோடுதான் அவர் எழுதினார். நம் வணிகர்களோ, நபியவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரால் விற்கத் தயங்குவதில்லை.

பயன் இல்லையென்று கூறவில்லை. 2015இல் வெளியான ஈரானிய ஆய்வில் 100 பேருள் பாதிப்பேர் ரோஸ்மேரி எண்ணெயையும் மற்றவர் 2 விழுக்காடு மினாக்சிடிலையும் பூசினர். மூன்றாம் மாதம் மாற்றமில்லை. ஆறாம் மாதம் இரு சாராருக்கும் முடி கூடியிருந்தது. வீட்டில் பூசுவோர் செறிவெண்ணெயை அப்படியே தடவாமல், தேங்காயெண்ணெயில் சில சொட்டுகள் மட்டும் கலந்துகொள்க.