குழித்தறியும் ரெண்டு மொழியும்

கொங்கு நாட்டுல குழித்தறி நெய்த தேவாங்கர் பல பேருக்கு வீட்டுல கன்னடம், சந்தையில தமிழ். காலு மிதிக்கும், கை நாடா ஓட்டும், வாய் ரெண்டு மொழி பேசும்.

ரெண்டு மொழிக்காரங்களுக்கு மறதிநோய் நாலு வருசம் தள்ளி வருதுன்னு 2007-ல டொராண்டோ ஆய்வு சொல்லுச்சு. அவங்கள்ல பலர் குடியேறினவங்க, அதனால இருக்குமோன்னு சந்தேகம். 2013-ல ஹைதராபாத் நிம்ஸ்ல சுவர்ணா அல்லாடி குழு 648 நோயாளிகளைப் பார்த்தாங்க. அங்க குடியேற்றச் சிக்கல் இல்ல. வித்தியாசம் நாலரை வருசம்! பள்ளிக்கூடமே போகாதவங்க கிட்டயும் அது தெரிஞ்சுதுங்கறதுதான் எனக்குப் பிடிச்ச இடம். (தள்ளித்தான் போகும், வராமப் போகாதுங்க.)

கால் சமாச்சாரம் தனி. 2011-ல வந்த அமெரிக்க ஆய்வுல, ஒரு வருசம் நடந்த பெரியவங்களுக்கு ஞாபகத்துக்கான ஹிப்போகேம்பஸ் 2% வளர்ந்துச்சு.

எங்க அவ்வா பேசற கன்னடம் எனக்குப் பாதிதான் புரியும். பனியன் கம்பெனிக்கு வந்த ஒடியாப் பசங்க அதுக்குள்ள தமிழ்ல பேரம் பேசறாங்க.