சேப்பாக்கத்து மண் யாருடையது?

அறுவடை முடிந்த வயலில் மூன்று குச்சிகளை நட்டு ஆடும் சிறுவர்களைக் கம்பைநல்லூரில் நாம் அன்றாடம் காண்கிறோம். அவர்களுள் சிலர் அணிந்திருப்பது மஞ்சள் சட்டை. சென்னை சூப்பர் கிங்ஸ் தங்கள் அணி என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. ஆயினும் அது தனியார் உடைமை. 2008-இல் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 9.1 கோடி டாலருக்கு அதை ஏலத்தில் எடுத்தது. அணி ஆடும் சேப்பாக்கம் திடலின் நிலமோ தமிழக அரசுக்குரியது. இவ்விரண்டும் ஓரிடத்தில் சந்தித்த கதை சற்றே நீண்டது.

சேப்பாக்கம் ஆர்க்காட்டு நவாபுகளின் அரண்மனைத் தோட்டமாக இருந்தது. 1855-இல் கடைசி நவாபு வாரிசின்றி மறைய, அரண்மனை ஆங்கில அரசின் கைக்குப் போயிற்று. 1860களில் மதராஸ் கிரிக்கெட் கிளப் அங்கே திடல் அமைத்துக்கொண்டது. 1934 பிப்ரவரியில் சென்னையின் முதல் டெஸ்ட் ஆட்டம் அங்கு நடந்தது. 1952-இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டதும் அதே மண்ணில்தான்.

இடையில் ஒரு கிளைக்கதை உண்டு. 1956 முதல் 1965 வரை சென்னையின் டெஸ்ட் ஆட்டங்கள் மாநகராட்சி அரங்கத்தில் நடந்தன. விநூ மன்கடும் பங்கஜ் ராயும் தொடக்க இணையாக 413 ஓட்டங்கள் குவித்தது அங்கேதான். 1967-இல் டெஸ்ட் ஆட்டம் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. மாநகராட்சி அரங்கம் இருந்த இடத்தில் 1993-இல் அரசு புதிய நேரு விளையாட்டரங்கத்தை எழுப்பியது. 2014 முதல் சென்னையின் எஃப்.சி. என்னும் தனியார் கால்பந்து அணிக்கு அது தாயகமாயிற்று.

நிற்க. அமெரிக்காவில் இக்கொடுக்கல் வாங்கல் வெளிப்படையாக நிகழ்வது. மில்வாக்கியில் பொதுப்பணத்தில் கட்டிய அரங்கம் 1953-இல் திறக்கப்பட்டது. பாஸ்டனிலிருந்து பிரேவ்ஸ் என்னும் பேஸ்பால் அணி அங்குக் குடிபெயர்ந்தது. 1966-இல் அவ்வணி அட்லாண்டாவின் புதிய அரங்கத்தை நாடிப் போய்விட்டது. 1970-இல் வேறோர் அணி வரும்வரை மில்வாக்கி மக்கள் தமக்கென அணியின்றிக் காத்திருந்தனர். செலவழித்த தொகை கண்முன் இருந்ததால் அங்கு விவாதமும் எழுகிறது.

நம்மிடத்தில் பொதுமக்களின் பங்கு பெரும்பாலும் காசோலையாக வருவதில்லை, நிலமாக வருகிறது. சேப்பாக்கத்தின் மாடங்களைக் கட்டியது கிரிக்கெட் சங்கத்தின் பணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கடற்கரைக்கு அருகே, மாநகரின் நடுவே அத்தனை பெரிய நிலம் குத்தகையாகக் கிடைப்பதும் ஒரு மானியமே. வரவுசெலவுத் திட்டத்தில் அது தனி வரியாக அச்சாவதில்லை. ஆகவே நாம் அதைப் பற்றிக் கேட்பதுமில்லை.

2024 மக்களவைத் தேர்தலின்போது கோவைக்குப் பன்னாட்டுக் கிரிக்கெட் அரங்கம் அமைத்துத் தருவதாக மு.க. ஸ்டாலின் வாக்களித்தார். அரங்கங்கள் எழட்டும், நமக்கு அதில் மகிழ்ச்சியே. குத்தகை எத்தனை ஆண்டு, வாடகை எவ்வளவு, ஆட்டமில்லா நாட்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதவு திறக்குமா என்பன மட்டும் முன்கூட்டியே ஊரறிய எழுதப்பட வேண்டும்.

மஞ்சள் சட்டை அணிந்த நம் ஊர்ச் சிறுவன் வாங்கும் பிஸ்கட்டிலும் வரி இருக்கிறது. அந்த மண்ணில் அவனுக்கும் ஒரு பிடி உண்டு.